அரை மீட்டர் உயரத்தில் ஒரு பெட்டி

மெய்நிகர் உலகை (வி.ஆர்.) வலைப்பக்கமாக எழுத உதவும் ஏ-ஃப்ரேமைக் கற்றுக்கொள்ள வருகிற எவருக்கும் முதலில் அறிமுகமாவது ஒரு நீலப் பெட்டி, ஒரு சிவப்புப் பந்து, ஒரு மஞ்சள் உருளை. கீழே பச்சைத் தரை, சுற்றிலும் வெளிர்சாம்பல் வானம். பொருளுக்கு ஒரு வரி வீதம் ஐந்தே வரிகள். வலைப்பக்கத்தில் தலைப்புக்கும் பத்திக்கும் குறி போடுகிற அதே முறையில் பெட்டிக்கு 'ஏ-பாக்ஸ்', பந்துக்கு 'ஏ-ஸ்பியர்', வானத்துக்கு 'ஏ-ஸ்கை'. எல்லாவற்றையும் 'ஏ-சீன்' என்ற குறிக்குள் போட்டு மூடி, பக்கத்தின் மேலே ஏ-ஃப்ரேமை அழைக்கும் வரியைச் சேர்த்தால் வேலை முடிந்தது. குவெஸ்ட் ஹெட்செட்டின் பிரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்து வி.ஆர். பொத்தானைத் தொட்டவர், அந்தப் பொருட்களுக்கு எதிரே நிற்பார். செயலி எதையும் இறக்க வேண்டாம். கடை அனுமதி எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர், பெட்டியின் இருப்பிடத்தை மட்டும் பார்க்கட்டும்: -1, 0.5, -3. இங்கே ஓர் அலகு என்றால் ஒரு மீட்டர். பெட்டி இடப்பக்கம் ஒரு மீட்டர் தள்ளி, மூன்று மீட்டர் முன்னால் இருக்கிறது. விஷயம் நடுவில் உள்ள அந்த அரையில்தான். பெட்டி ஒரு மீட்டர் கனசதுரம். இருப்பிடம் அதன் நடுப்புள்ளியிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆகவே அரை மீட்டர் தூக்கினால் அடிப்பக்கம் தரையில் அச்சாக உட்காரும். பந்தின் ஆரம் 1.25, அதன் உயர எண்ணும் 1.25. உருளையின் உயரம் 1.5; நடுப்புள்ளி 0.75இல். மூன்றில் ஒன்றும் மிதக்கவில்லை, ஒன்றும் புதையவில்லை. போதாததற்குப் பெட்டியை 45 பாகை திருப்பியும் வைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் முன்முகமே பெரிதாகத் தெரிந்து, கன உருவம் என்ற எண்ணம் அவ்வளவு எளிதில் வந்திருக்காது. பாடப்புத்தக மாதிரிகளில் இத்தனை கவனத்தைப் பார்ப்பது அபூர்வம்.

இந்த ஐந்து வரிக்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது. பிரவுசருக்குள் முப்பரிமாணம் வரைய வழி செய்த வெப்ஜிஎல்லின் தொடக்கம் விளாதிமிர் வுகிசெவிச்சின் சோதனைகளில். அதைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்தது ரிக்கார்டோ கபெயோ 2010இல் வெளியிட்ட த்ரீ.ஜேஎஸ். 2014இல் மொசில்லாவில் வுகிசெவிச்சும் கூகுளில் பிராண்டன் ஜோன்ஸும் ஹெட்செட்டைப் பிரவுசரோடு பேசவைக்கும் வெப்விஆரில் இறங்கினார்கள். டியேகோ மார்கோஸ், கெவின் இங்கோ முதலானோர் மொசில்லாவில் உருவாக்கிய ஏ-ஃப்ரேம் 2015 டிசம்பரில் வந்தது. இரண்டு ஆண்டுக்குள் இந்தத் துறைக்கு ஒரு பாடநூல் எழுதியவர்களில் ஒருவர் ஸ்ருஷ்திகா நீலகண்டம் என்பதை நம்மவர்கள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

பிறகு வெப்விஆரே காலாவதியாகி, வெப்எக்ஸ்ஆர் வந்தது. 2019 டிசம்பரில் குரோம் அதை ஏற்றது. பழைய முறையில் நேரடியாக எழுதிய பக்கங்கள் ஒவ்வொன்றாகக் குருடாயின. ஏ-ஃப்ரேமில் எழுதியவர்களில் பலர், ஏ-ஃப்ரேமை அழைக்கும் வரியில் உள்ள பதிப்பு எண்ணை மாற்றிவிட்டுத் தப்பித்தார்கள்.

வெப்எக்ஸ்ஆரின் நாகரிகம் தனியாக ரசிக்கத்தக்கது. பக்கம் தானாக உங்கள் கண்ணைப் பிடித்துக்கொள்ள முடியாது. நீங்கள் பொத்தானைத் தொட்டால்தான் உள்ளே போகலாம். பாதுகாப்பான முகவரி இல்லாத தளத்துக்கு ஹெட்செட்டை எட்டிப்பார்க்கவும் உரிமையில்லை. உள்ளே போனபின் தாளம் மாறுகிறது. வழக்கமான கணினித் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். ஹெட்செட்டுக்கு 72, 90 என்று வேறு கணக்கு. 72 என்றால் ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது ஒருமுறை வரைவதற்கு, கிடைப்பது சுமார் 14 மில்லிநொடி. அதற்குள் தலை எங்கே இருக்கிறது என்று கேட்டு, இடக்கண்ணுக்கு ஒன்றும் வலக்கண்ணுக்கு ஒன்றுமாக வரைந்து முடிக்க வேண்டும். கிடைக்கிற விடையும் தலை இப்போது இருக்கும் இடமல்ல. படம் கண்ணில் விழும் கணத்தில் எங்கே இருக்கும் என்ற கணிப்பு. ஃப்ரேம்தோறும் இருப்பிடக் கணக்குக்குப் புதிதாக ஒரு வெக்டாரை (எண்தொகுதியை) உண்டாக்கித் தூக்கிப்போடும் சோம்பேறி நிரல், சற்று நேரத்தில் நினைவகக் குப்பையைச் சேர்த்துவிடும். பிரவுசர் அதை அள்ள நிற்கும் அந்தக் கணத்தில் உலகம் ஒரு குலுங்கு குலுங்கும். பார்ப்பவருக்குத் தலை சுற்றும். தேர்ந்தவர்கள் ஒரே வெக்டாரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள்.

இந்த வித்தை நம் ஊர்ப் பொருள்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று பார்க்க, இனிக் கள்ளக்குறிச்சிக்கு வரலாம். 2019இல் தனி மாவட்டமான இந்த ஊரின் மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன். சிற்பத்தையும் மலையையும் ஒரே வலைப்பக்கத்தில் வைப்பதென்றால், இரண்டும் நேரெதிரான வித்தையைக் கேட்கும்.

மலைக்கு உருவம் வேண்டாம், படம் போதும். நம் இரு கண்களுக்கும் இடையே ஆறு சென்டிமீட்டர் சொச்சம்தான். அவை காணும் காட்சியின் வேறுபாட்டிலிருந்து ஆழம் பிறக்கிறது. கல்வராயனில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு வளைவில் நின்று தொலைவிலுள்ள முகட்டைப் பார்க்கும்போது இரு கண்ணுக்கும் கிட்டத்தட்ட ஒரே காட்சிதான். ஆகவே 360 பாகைப் புகைப்படம் ஒன்றை 'ஏ-ஸ்கை'யில் ஒட்டினால் கண் ஏமாறும். பக்கத்தில் பாறையோ மரக்கிளையோ இருந்தால் மட்டும் குட்டு வெளிப்படும். தலையை நகர்த்தினாலும் அது நகராது. அதே மலையிலுள்ள மேகம் அருவியின் அடிவாரப் பாறைகளை இப்படி எடுப்பது வீண். அங்கே ஒலியை நம்பலாம்: அருவி இருக்கும் திசையில் ஓர் ஒலிப்புள்ளியை வைத்தால், தலையைத் திருப்பும்போது இரைச்சல் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு நகரும்.

மலையைச் சுருக்கி மேஜைமேல் வைத்தால் கதை மாறிவிடும். இஸ்ரோவின் கார்டோசாட் செயற்கைக்கோள் தந்த உயரத் தரவு, சுமார் 30 மீட்டர் இடைவெளியில், இஸ்ரோவின் புவன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பத்தாயிரத்தில் ஒரு பங்காக்கினால் ஆயிரம் மீட்டர் உயரம் பத்து சென்டிமீட்டர். இப்போது பள்ளத்தாக்குகளைக் குனிந்து பார்க்கலாம். இரு கண்ணும் வேலை செய்யும். ஆனால் உண்மை விகிதத்தில் எந்த மலையும் ஏமாற்றமளிக்கும் அளவுக்குச் சப்பையாகத் தெரியும். உயரத்தை ஒன்றரை மடங்காக்குவது தப்பில்லை. மூன்று மடங்காக்கினால் அது கல்வராயன் இல்லை.

மரச்சிற்பம் கைக்கெட்டும் தூரத்துப் பொருள். அதற்குப் படம் போதாது. சுற்றிச்சுற்றி நூற்றுக்கணக்கில் புகைப்படம் எடுத்து, மென்பொருளால் முப்பரிமாண உருவமாக்க வேண்டும். மெருகேறிய மரம் வெளிச்சத்தைத் திருப்பியடித்து மென்பொருளைக் குழப்பும் என்பதால் மப்பான பொழுதே நல்லது. இப்படிக் கிடைக்கும் உருவத்தில் லட்சக்கணக்கான முக்கோணங்கள் இருக்கும். ஹெட்செட்டுக்குச் சில ஆயிரங்களாகக் குறைக்க வேண்டும். குறைத்தால் உளி பட்ட தடமெல்லாம் அழியும். அதற்கு 'நார்மல் மேப்' என்றொரு உபாயம்: ஒவ்வொரு புள்ளியும் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை ஒரு படத்தில் எழுதிவைத்தால், இல்லாத குழிவிலும் நிழல் விழும். கணினித் திரையில் பிரமாதமாக எடுபடும் இந்த உபாயம் வி.ஆரில் பாதிதான் பலிக்கும். முகத்தருகே கொண்டுபோனால், குழிவு வெறும் வரைச்சல் என்று இரு கண்ணும் சேர்ந்து கண்டுபிடித்துவிடும். ஆடை மடிப்பு, மூக்கு, விரல் இடுக்கு ஆகியவற்றுக்கு முக்கோணங்களைச் செலவழித்து, மேலோட்டமான உளிக்கீறல்களை மட்டும் படத்துக்கு விடுபவரே கெட்டிக்காரர். சிற்பம் பார்த்துப் பழகிய கண் இல்லாமல் இந்தத் தேர்வைச் செய்ய முடியாது. மென்பொருளின் தானியங்கிப் பொத்தான் மூக்கையும் முதுகையும் ஒன்றாகத்தான் நறுக்கும்.

கடைசியாக, தமிழில் பெயர்ப்பலகை வைக்கப் போகும்போது ஒரு வம்பு. ஏ-ஃப்ரேமின் எழுத்து வசதி ஆங்கில எழுத்துகளை வரிசையாக அடுக்கத் தெரிந்தது. கொம்பு முன்னால் போக வேண்டும் என்று அதற்குத் தெரியாது. தமிழ் எழுத்துரு ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தாலும், அங்குள்ள அணையின் பெயரான 'கோமுகி' உருப்படியாக வராது. தமிழைச் சரியாக எழுதப் பிரவுசருக்கே தெரியும் என்பதுதான் இதில் வேடிக்கை. ஆகவே அனுபவமுள்ளவர்கள் 'கான்வாஸ்' என்ற வரைபரப்பு ஒன்றைத் திறந்து, 1024க்கு 256 புள்ளி அளவில், கோமுகி அணை என்று சாதாரண எழுத்தாகவே எழுதவைத்து, அதைப் படமாக ஒரு பலகையில் ஒட்டிவிடுவார்கள். பலகையின் அகலமும் உயரமும் நாலுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு சரியாக விழுந்தும் எழுத்து சப்பையாகும்.