இழை எண்ணும் விரல்கள்

முதுகுப்பையோடு பெரு நாட்டின் குஸ்கோ வரை போய்வரும் இளைஞர்கள், தறியின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு, மாதிரித் தாள் எதுவுமின்றி நெய்யும் ஆண்டீஸ் மலைப் பெண்களைப் பற்றிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அம்பத்தூர், ஆவடிக்காரர்களுக்கு அதே வகைக் கைத்திறன் ஓர் இரவுப் பயணத் தூரத்தில் இருக்கிறது. தினமும் நம் ஊர் வழியாகவே போகும் நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் போய் மலையேறினால், 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டி. அங்கே தோடர் பழங்குடிப் பெண்கள் பூவேலை செய்யும் பூத்துக்குளிச் சால்வை.

முரட்டு வெள்ளைப் பருத்தித் துணி; அதில் சிவப்பும் கறுப்புமாக நூல். பென்சில் கோடு கிடையாது, சட்டம் கிடையாது. துணியின் இழைகளைக் கண்ணாலும் விரல் நுனியாலும் எண்ணி எண்ணியே ஊசி நகர்கிறது. தடித்த துணிக்குள் நூல் இழுபடும்போது ‘சரக்’கென்று மெல்லிய சத்தம். ஓர் இழை பிசகினாலும் எருமைக்கொம்பு வடிவம் கோணிவிடும். பிரித்து மறுபடி எண்ண வேண்டியதுதான். திருப்பங்களில் நூலை இறுக்காமல் கொஞ்சம் தளர விடுகிறார்கள். அந்தச் சின்னச் சின்ன வளையங்களால்தான் பூவேலை தடித்து மேலெழும்புகிறது. தடவினால் முற்றிய கேழ்வரகுக் கதிரைத் தொட்டதுபோல் நெருநெருக்கிறது. வழவழப்பான பக்கமே நல்ல பக்கம் என்று நாம் நினைப்போம். தோடர்களுக்கோ சொரசொரப்பான பக்கம்தான் முகம். ஒரு சால்வை முடிய வாரக்கணக்கில் ஆகும். விலையைக் கேட்டுத் தயங்குகிறவர்கள், ஒரு விரற்கடை அகலத்தில் எத்தனை இழை என்று எண்ணிப் பார்க்கலாம். பாதியிலேயே கண் வலித்துவிடும்.