பூவும் சான்றும்

பூவின் மேல் பூச்சி ஒன்று அமர்ந்திருக்கிறது. படத்தின் கீழே ‘மகரந்தச் சேர்க்கை நடைபெறுகிறது’ என்று எழுதப்பட்டிருக்கிறது. பாடநூல்களிலும் நாள்காட்டிகளிலும் இத்தகைய படங்களைப் பலமுறை பார்த்திருக்கிறோம். ஆசிரியர் அதைக் காட்டிப் பாடம் நடத்துகிறார். மாணவர் அதைக் குறித்துக்கொள்கிறார். ஆனால், அந்தப் படம் மெய்யாகவே காட்டுவது யாது? பூ இருந்தது, பூச்சி இருந்தது, இரண்டும் ஒரு நொடியில் ஓரிடத்தில் இருந்தன. படம் கூறுவது இவ்வளவே. எஞ்சியதெல்லாம் கீழே எழுதியவர் கூறுவது.

இலக்கியம் கற்கும்போது, பாட்டு சொல்வது எது, உரையாசிரியர் சொல்வது எது என்று பிரித்துப் பார்க்கப் பழகியிருக்கிறோம். மலர்ப் படங்களையும் அவ்வாறு பிரித்துப் பார்த்தல் வேண்டும். அதற்கு ஏற்ற களம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா, நெவாடா மாநிலங்களில் பெரும்பகுதி பரந்து கிடக்கும் மொஹாவிப் பாலைவனமே அது. மணல் மட்டுமே நிறைந்த தாழ்நிலம் அன்று அது. பெரும்பாலும் உயர்ந்த மேட்டு நிலம். அங்கே குளிர்காலத்தில் உறைபனி விழும். மழை மிகக் குறைவு. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் மண்ணுள் உறங்கிய விதைகள் முளைத்து, இளவேனிலில் பூத்துக் குலுங்கும். அப்போது காமிராவும் கையுமாக மக்கள் திரண்டு வருவர். அவர்கள் எடுக்கும் படங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, மலர்க் கம்பளம். மொஹாவியின் மேற்கு ஓரத்தில் ஆன்டலோப் பள்ளத்தாக்கில் கலிபோர்னியக் கசகசாப் பூக்களுக்கென ஒரு காப்பிடம் உள்ளது. அங்கு எடுக்கப்படும் படங்களில் குன்று முழுவதும் இடைவெளியின்றிப் பொன்னிறமாய்த் தோன்றும். இத்தோற்றத்தில் கண்ணுக்கும் பங்குண்டு, கருவிக்கும் பங்குண்டு. தரையை ஒட்டித் தாழ்வாக நின்று, தொலைவை நெருக்கிக் காட்டும் வில்லையால் எடுத்தால், செடிக்கும் செடிக்கும் இடையே உள்ள வெற்று நிலம் மறைந்துபோகும். மறைந்தால் என்ன என்று கேட்கலாம். பாலைவனத்துத் தேனீக்களில் பெரும்பாலானவை கூட்டமாய் வாழ்பவை அல்ல. தனித்து வாழ்ந்து தரையில் வளை தோண்டி முட்டையிடுபவை. அந்த வெற்று நிலமே அவற்றின் வீடு. பூவைப் பெருக்கிக் காட்டுவதற்காகப் படம் அழித்துவிட்ட இடம், பூவைக் காய்க்கச் செய்வோர் குடியிருக்கும் இடம். 2019ஆம் ஆண்டு பூக்கள் மிகுதியாக மலர்ந்தபோது, வந்தவர்கள் நடைபாதையை விட்டு விலகிப் பூக்களிடையே புகுந்து படம் எடுத்தனர். ஒரு ஹெலிகாப்டர்கூட அங்கே இறங்கியது. வெற்றிடம் வீண் இடம் என்று படங்கள் கற்பித்த பாடத்தைக் கால்கள் பின்பற்றின எனலாம்.

இரண்டாம் வகை, அண்மைப் படம். பூச்சியின் கண்ணும் மயிரும் தெளிவாகத் தெரியும். கலைத்திறன் மிகுந்த வகை இதுவே. ஆயின் இத்தெளிவுக்குப் பூச்சி அசையாதிருக்க வேண்டும். ஆகவே படம் எடுப்போர் பலர் விடியற்காலைக் குளிரைத் தேர்ந்தெடுக்கின்றனர். அது பூச்சி வேலை செய்யாத நேரம்! துத்திக் குடும்பத்தைச் சேர்ந்த செம்மஞ்சள் நிறப் பாலைப் பூ ஒன்று உண்டு. அதனுள் சில தேனீக்கள் சுருண்டு உறங்கும். அந்தக் காட்சியின் படங்கள் பலர் உள்ளத்தைக் கவர்ந்துள்ளன. கவர்வது இயல்பே. ஆனால் அது சத்திரத்தில் துயிலும் வழிப்போக்கன் படம். உழவன் உழும் படம் அன்று. அதே தேனீ வெயில் ஏறியபின் அதே வகைப் பூக்களில் உழைக்கிறது என்பது உண்மைதான். அவ்வுண்மையை அந்தப் படத்திலிருந்து நாம் அறியவில்லை. வேறு வழியால் அறிந்து அதன்மேல் ஏற்றுகிறோம்.

மூன்றாம் வகை, தனிமரம். மொஹாவியின் அடையாளமாகிய யோசுவா மரம், யுக்கா இனத்தைச் சேர்ந்தது. முறுக்கிய கிளைகளும் ஈட்டி போன்ற இலைகளும் உடையது. பூக்கும் ஆண்டுகளில் கிளை நுனிகளில் வெண்ணிறம் கலந்த பசுமையான பூங்கொத்துகள் தோன்றும். மாலை வானத்தின் முன் கருநிழலாய் நிற்கும் இம்மரத்தின் படங்களுக்குக் கணக்கில்லை. இம்மரத்தின் கதையோ, மற்ற இரு வகைப் படங்களையும் சோதித்துப் பார்க்கும் உரைகல்லாக உள்ளது.

யுக்காவின் மகரந்தம் தானாகச் சூல்முடியை அடைவது அரிது. 1872ஆம் ஆண்டில் செயின்ட் லூயிஸ் நகரத்துத் தாவர அறிஞர் ஜார்ஜ் எங்கல்மன், யுக்காப் பூக்களில் சிறிய அந்துப்பூச்சி ஒன்று நடமாடுவதைக் கவனித்தார். மிசௌரி மாநிலத்தின் பூச்சியியல் அறிஞராக இருந்த சார்லஸ் வாலண்டைன் ரைலி அதனைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அவர் கண்டது வியப்பானது. பெண் அந்துப்பூச்சி தன் வாயுறுப்பிலுள்ள சிறப்பான உணர்கொம்பு போன்ற பகுதியால் மகரந்தத்தைத் திரட்டி, உருண்டையாக்கித் தலையின் கீழே தாங்கிக்கொள்கிறது. வேறு பூவுக்குச் செல்கிறது. அங்கே சூலகத்தைத் துளைத்து முட்டையிடுகிறது. பின்னர் மேலே ஏறி, தான் கொண்டுவந்த மகரந்தத்தைச் சூல்முடியில் வைத்து அழுத்துகிறது. பிறக்கும் புழுக்கள் விதைகளில் ஒரு பகுதியைத் தின்கின்றன. எஞ்சியவை மரத்துக்கு உரியவை. தேன் உண்ண வந்தபோது உடலில் தற்செயலாக ஒட்டிய தூள் அன்று அது. எடுத்து வந்து இட்டது. இச்செய்தியை அறிந்த டார்வினும் பெரிதும் வியந்தார்.

இதனை ஒரே படத்தில் காட்ட முடியுமா? முட்டையிடும் பூச்சி ஒரு படம். சூல்முடியில் ஏறிய பூச்சி மற்றொரு படம். முதற்படத்தை மட்டும் கண்டவர் இது மரத்தின் பகை என்பார். இரண்டாவதை மட்டும் கண்டவர் இது மரத்தின் நட்பு என்பார். இரண்டையும், அவற்றின் வரிசையையும் கண்டவரே உண்மையை அறிவார். ரைலிக்கு உதவியது விரைந்து படம் பிடிக்கும் கருவி அன்று. இரவில் பூவருகே காத்திருந்த பொறுமை.

இன்னும் ஒரு சிக்கல் உண்டு. யுக்காவை நாடி வரும் வேறோர் அந்துப்பூச்சி இனம் இருக்கிறது. பார்வைக்கு முன்னதன் உறவினர் போலவே இருக்கும், உறவும் உண்டு. ஆனால் அதற்கு மகரந்தம் திரட்டும் உறுப்பு இல்லை. அது மகரந்தச் சேர்க்கை செய்வதில்லை. ரைலியின் கூற்றைச் சிலர் ஐயுற்றதற்கு இப்பூச்சியும் ஒரு காரணமாயிற்று. எனவே 1880இல் அவர் மெய்யான யுக்கா அந்துக்கும் போலிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி எழுதினார். போலிக்கு அவர் இட்ட இலத்தீன் பெயரே ‘ஏமாற்றுவது’ என்னும் பொருளுடையது. இன்று எவ்வளவு அழகிய படமாயினும், தலையின் கீழே அந்த மஞ்சள் உருண்டை தெரியாவிட்டால், ‘இதோ மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சி’ என்று கூறத் தயங்கவே வேண்டும்.

யோசுவா மரத்துக்கு உரிய அந்துப்பூச்சிக்கு 1892இல் பெயரிட்டவரும் ரைலியே. அது ஒரே இனம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2003ஆம் ஆண்டில்தான் அது இரண்டு இனம் என்று விளக்கப்பட்டது. மேற்கே வளரும் மரங்களுக்குப் பெரியது. கிழக்கே வளரும் மரங்களுக்குச் சிறியது. பூவின் உள்ளளவும் பூச்சியின் முட்டையிடும் உறுப்பின் அளவும் ஒன்றற்கொன்று பொருந்துகின்றன. நெவாடாவின் டிக்காபூப் பள்ளத்தாக்கில் இருவகை மரங்களும் அருகருகே நிற்கின்றன. அங்கே எடுத்த படத்தில் எந்த மரம், எந்தப் பூச்சி என்று குறிக்காவிட்டால், படத்தின் பயன் பாதியாகக் குறையும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். கலைஞனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது முறையா? அழகு ஒன்றே போதாதா? போதும், அழகு மட்டுமே கூறும் படத்துக்கு. மாலை வானத்தில் நிற்கும் மரம் எதையும் நிறுவ முயலவில்லை. அதனை அழகு என்ற அளவில் துய்க்கலாம். ஆனால் படத்தின் கீழே இயற்கையைப் பற்றி ஒரு கூற்று எழுதப்பட்ட அந்த நொடியே, படம் சான்றாகிவிடுகிறது. சான்றுக்குரிய கடமையும் வந்துவிடுகிறது. நம் பழைய இலக்கண மரபு, பாட்டுக்கே நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தது. பாட்டுக்கு வேண்டிய நிலமும் பொழுதும் பாடத்துக்கு வேண்டாவா?

நிலமும் பொழுதும் குறித்த எளிய படங்களின் ஆற்றலை அண்மையில் கண்டோம். யோசுவா மரம் ஆண்டுதோறும் பூப்பதில்லை. மழையும் குளிரும் ஒத்துவர வேண்டும். எந்த ஆண்டு எங்கே பூத்தது என்பதற்கு முழுமையான பதிவேடு இல்லை. ஆராய்ச்சியாளர்கள், பொதுமக்கள் நாளும் இடமும் குறித்து ஐநேச்சுரலிஸ்ட் என்னும் பொதுப் பதிவகத்தில் சேர்த்த மரப் படங்களை எடுத்துக்கொண்டனர். ஒவ்வொன்றிலும் பூ உண்டா இல்லையா என்று பார்த்து, வானிலைப் பதிவுகளோடு இணைத்து, 1900ஆம் ஆண்டு தொடங்கி மரங்கள் பூத்த வரலாற்றைக் கணித்து 2024இல் வெளியிட்டனர். இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. பூத்த மரத்தின் படம் எவ்வளவு தேவையோ, பூக்காத மரத்தின் படமும் அவ்வளவு தேவை. எந்த நாள்காட்டியும் அச்சிடாத படம் அது. போட்டிக்கு அனுப்பினால் பரிசு பெறாது. ஆயினும் அது இல்லையேல் கணக்கு நிறைவேறாது. அழகுக்காக மட்டும் தேர்ந்தெடுத்த தொகுப்பில் இல்லாமை என்னும் செய்திக்கு இடமே இராது.

இவ்வளவு நுணுகிப் பார்ப்பது எதற்கு? 2020 ஆகஸ்டில் மொஹாவியின் சீமா மேட்டில் மின்னல் தாக்கித் தீப்பற்றியது. 43,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. மாண்ட யோசுவா மரங்கள் 13 இலட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டனர். அங்கே நாற்றுகளை நடும் பணி தொடங்கியது. 2023இல் கலிபோர்னியா மாநிலம் மேற்கு யோசுவா மரத்தைக் காக்கத் தனிச் சட்டமும் இயற்றியது. இவை நற்பணிகள். ஆனால் மரம் மட்டும் மீண்டால் போதாது. நட்ட மரம் வளர்ந்து பூக்கும் நாளில் அந்தச் சிறு பூச்சி அங்கே இல்லையென்றால், பூ இருக்கும், விதை இராது. மரத்தை மட்டும் காட்டிய ஆயிரம் படங்களால் பழகிய கண், அந்தக் குறையைக் காணாது. பூத்திருக்கிறதே, நலமாகத்தான் இருக்கிறது என்று மகிழ்ந்து திரும்பிவிடும்.

ஆதலால், மலர்ப் படத்தை மதிப்பிடும்போது மூன்று வினாக்களைக் கேட்போம். எந்த இடம், எந்த நேரம்? பூச்சி என்ன செய்துகொண்டிருந்தது? பிறகு என்ன ஆயிற்று? முதல் வினாவுக்கு விடை தரும் படங்கள் பல, இரண்டாவதற்குச் சில, மூன்றாவதற்கு மிகச் சில. மூன்றாவதற்கு விடை தர விரும்புபவர் செய்ய வேண்டியது கடினமும் அன்று. சில திங்கள் கழித்து அதே கிளைக்குத் திரும்பிச் சென்று, காய் பிடித்திருக்கிறதா, புழு வெளியேறிய துளை அதில் இருக்கிறதா என்று பார்த்து, அதையும் படம் எடுக்க வேண்டும். காய்ந்த காயின் படம் கண்ணைப் பறிக்காது. ஆனால் முன் எடுத்த பூவின் படத்துக்கு அதுவே உரை.

நம் வகுப்பறைகளில் உடனே செய்யத்தக்கது ஒன்று உண்டு. ஒற்றைப் படத்தின் கீழே ‘மகரந்தச் சேர்க்கை’ என்று எழுதாமல் ‘பூவுக்குப் பூச்சியின் வருகை’ என்று எழுதுவோம். வருகை எப்போது சேர்க்கை ஆகும் என்று மாணவரைக் கேட்போம். அவ்வினாவுக்கு விடை தேடும் மாணவன் பூவைக் காண்பதோடு நில்லாமல், காய் வரும்வரை காத்திருக்கவும் கற்றுக்கொள்வான்.