கும்மிடிப்பூண்டிப் புகையின் கணக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் சுற்றுச்சூழல் அனுமதி கோரும் உருக்காலை, தன் புகை எங்கே, எவ்வளவு பரவும் என்று கணினி மாதிரி மூலம் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். பெரும்பாலும் பயன்படுவது, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2005இல் ஏற்ற ஏர்மாட் என்ற மாதிரி. புகைபோக்கியின் உயரம், புகையின் வெப்பம், காற்றின் போக்கு ஆகியவற்றைக் கொடுத்தால், சுற்றுவட்டாரத்தில் தரைமட்டத்தில் சேரும் தூசியின் அளவைச் சொல்லும்.

இதைக் கண்துடைப்பு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. இன்னும் கட்டாத ஆலையின் புகையை எந்தக் கருவியால் அளக்க முடியும்? ஒரு தெருவில் ஒரு மணி நேரத்துக்கு என்று கேட்டால் மாதிரி தடுமாறும். ஆண்டுச் சராசரி என்றால் பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். நீண்டகாலக் கணக்குதான் அதன் பலம்.

நம் நடைமுறை அந்தப் பலத்தை வீணடிக்கிறது. 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ் வரும் அறிக்கைகளில், பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் அளவீடே அடிப்படை. சித்திரையில் பிற்பகல் கடற்காற்று பழவேற்காடு ஏரியைக் கடந்து புகையை உள்நாட்டுக்குத் தள்ளும்; ஆடியில் மேல்காற்று அதை ஏரிப்பக்கம் கொண்டுபோகும்; ஐப்பசி பிறந்தால் வாடை. மூன்று மாதக் காற்றை வைத்து இந்த ஊரின் ஆண்டை எழுத முடியாது. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கத்து உயர்ந்த புகைபோக்கிகளுக்கு வேறொரு சிக்கலும் உண்டு: கடற்காற்று நிலத்தின் மேல் வெப்பமேறும் இடத்தில் மேலே போன புகை திடீரென்று தரைக்கு இறங்கும். இந்தக் கரையோர மாற்றம் ஏர்மாடின் கணக்கில் இல்லை.

இவற்றைவிடப் பெரிய ஓட்டை கூரையில் இருக்கிறது. மின்தூண்டல் உலையில் பழைய இரும்பைக் கொட்டும்போது துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் பெயின்ட்டும் எரிந்து பழுப்புப் புகை குபுகுபுவென்று எழும். உறிஞ்சும் மூடி விலகியிருந்தால் அது புகைபோக்கிக்குப் போகாது. கொட்டகையின் கூரை இடுக்குகள் வழியே தாழ்வாக வெளியேறும். இரவில் காற்று அசையாமல் கிடக்கும் நேரத்தில் அது அக்கம்பக்கத்திலேயே படியும். மாதிரியில் இதற்கும் இடமுண்டு. ஆனால் விண்ணப்பதாரர் தரும் பட்டியலில் புகைபோக்கி மட்டும் இருந்தால், கணினி அதை மட்டுமே கணக்கிடும்.

ஒவ்வோர் ஆலையும் தன் பங்கைத் தனியே காட்டுவதால் எல்லாமே சிறிதாகத் தெரிகின்றன. நுண்துகள் பிஎம் 2.5க்கு இந்தியாவின் ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5. ஊரார் மூச்சில் சேர்வது எல்லா உலைகளின் கூட்டுத்தொகை. அதைக் கணக்கிடும் பொறுப்பை விண்ணப்பதாரரின் ஆலோசகரிடம் விடக்கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே தொழிற்பேட்டை முழுவதற்கும் ஒரே மாதிரியை, கூரைப் புகையையும் சேர்த்து, முழு ஆண்டுக் காற்றுத் தரவுடன் நடத்தி, அளவீட்டு நிலையங்களின் எண்களோடு ஒப்பிட்டு வெளியிட வேண்டும். புதிய விண்ணப்பம் எதுவானாலும் அந்தக் கூட்டுத்தொகைக்கு மேல்தான் எடைபோடப்பட வேண்டும்.