பழக்கமும் அதிர்ச்சியும்

கவிதை வாசகனை உலுக்க வேண்டும் என்பது நம் வட்டத்தில் கேள்விக்கு அப்பாற்பட்ட விஷயமாகிவிட்டது. இதைப் பரப்பியவர்களில் நானும் ஒருவன். பழக்கம் அனுபவத்தை விழுங்கிவிடுகிறது, கலை அதை மீட்கிறது என்று 1917ல் ஷ்க்லோவ்ஸ்கி சொன்னதை நான் வசதியாகச் சுருக்கிக்கொண்டேன்: பழக்கம் உறக்கம், அதிர்ச்சி விழிப்பு. இரண்டுமே தவறு என்று இப்போது படுகிறது.

கடன் தவணை சம்பந்தமாகப் பழவேற்காட்டைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போயிருந்தேன். மணலில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. முதலில் மூச்சு விடவே கஷ்டம். அரைமணியில் வாடையே இல்லை. "நாத்தம் பழகிப்போச்சும்மா" என்றேன். "நாத்தமா? எங்க சார்?" என்றாள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பெண். சொல்லிக்கொண்டே குவியலிலிருந்து ஒன்றை எடுத்து முகர்ந்து தூர எறிந்தாள். "இது கெட்டுப்போச்சு." எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தன.

அவளுடைய மூக்கு தூங்கவில்லை என்பது தெளிவு. இதை விளங்கிக்கொள்ள ஓர் ஈ உதவியது. மணி ராமசாமி, வெரோனிகா ரோட்ரிக்ஸ் முதலியோர் பெங்களூரிலும் டப்ளினிலுமாகச் செய்த ஆய்வு 2011ல் வெளியாயிற்று. ஒரு வாடையில் அரைமணி விடப்பட்ட பழ ஈ அதைவிட்டு விலகுவது குறைகிறது. நான்கு நாட்கள் விட்டால் மாற்றம் நீடிக்கிறது. மூக்கு அயர்ந்துவிடுவதல்ல காரணம். மூளைக்குள் அந்த வாடைச் செய்தியை அடக்கும் நரம்பணுக்கள் வலுப்படுகின்றன. அந்த வாடை மட்டும் அடங்குகிறது, பிற வாடைகள் அல்ல. ஆக, பழக்கம் ஒரு வேலை. தெரிந்ததை ஒதுக்கி வைத்து, மாறியதற்கு இடம் விடும் வேலை.

அதிர்ச்சி பற்றி எரிக் காண்டெல் ஒரு கடல் நத்தையில் கண்டது இருக்கிறது. 2000த்தில் நோபல் பெற்ற ஆய்வு. சுமார் 20,000 நரம்பணுக்களே உள்ள அப்ளீசியாவின் நீர்க்குழலை லேசாகத் தொட்டால் செவுளை உள்ளிழுக்கும். திரும்பத் திரும்பத் தொட்டால் சுருக்கம் குறையும். வாலில் மின்னதிர்ச்சி கொடுத்தால் அதே லேசான ஸ்பரிசத்துக்கு வெகுவாகச் சுருங்கும். செரட்டோனின் சுரந்து, நரம்பணுவுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு பெருகி, அடுத்த அணுவுக்குப் போகும் ரசாயனச் செய்தி அதிகமாகிறது. ஓர் அதிர்ச்சி சில நிமிஷங்களே நிற்கும். இடைவெளி விட்டுத் திரும்பினால்தான் மரபணுக்கள் இயங்கி, புதிய புரதங்கள் உண்டாகி, புதிய இணைப்புகள் முளைத்து, நாட்கணக்கில் தங்கும்.

இரண்டு விஷயங்கள் என்னை நிறுத்தின. ஈ பழகுவதற்கும் இதே சைக்ளிக் ஏஎம்பி வேண்டியிருக்கிறது. பழக்கமும் பதற்றமும் எதிரிகள் அல்ல, ஒரே பட்டறையின் சரக்கு. இரண்டாவது, அதிர்ந்த நத்தை எதையும் கூர்மையாக அறிவதில்லை. எது தொட்டாலும் சுருங்குகிறது, அவ்வளவுதான். ஒரு குறிப்பிட்ட ஸ்பரிசம் அதற்கு அர்த்தம் பெற வேண்டுமானால், அது அதிர்ச்சிக்கு அரை வினாடி முன்னால் வந்திருக்க வேண்டும்.

நத்தையிலிருந்து கவிதைக்கு ராஜபாட்டை கிடையாது. ஆனால் முன்பு நான் பாராட்டி எழுதிய கவிதைகளை இந்த வெளிச்சத்தில் மறுபடி படித்தேன். ரத்தம், சீழ், பிணம், மறுபடி ரத்தம். மூன்றாவது பக்கத்தில் வாடையே அடிக்கவில்லை. முதல் வாசிப்பில் எனக்கு நேர்ந்தது விழிப்பு அல்ல, வெறும் சுருக்கம். அடிக்கு முன்னால் வந்து நிற்கும் சாதாரணச் சொல், பின்பு எங்கு கண்டாலும் அந்த அடியை நினைவூட்டும் சொல், அவற்றில் ஒன்றுகூட இல்லை. இடைவெளியும் இல்லை. அந்த மதிப்புரைகளை வாபஸ் வாங்குகிறேன்.

விமர்சகனுக்கும் இதில் பங்கு உண்டு. குப்பத்தில் நான் இருந்தது அரைமணி. என் மூக்கும் பழகியதுதான், ஆனால் கெட்ட மீனைச் சொல்ல அந்தப் பழக்கம் போதாது. நம் கவிதையோடு நான் அதைவிட அதிக நேரம் இருந்திருக்கிறேனா என்று சந்தேகமாக இருக்கிறது.