எள்ளலும் இளமையும்: ஒரு தாய்லாந்துத் தொடர் பற்றிய முதல் நோக்கு

குவீன்ஸ்டவுனின் வீனஸ் திரையரங்கு தேவாலயமாகிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. படம் பார்த்தல் இன்று ஊர்கூடிச் செய்யும் செயலன்று; அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையில், கைத்தொலைபேசியின் சிறு திரைக்குள் அடங்கிவிட்ட செயல். அவ்வழியே சிங்கப்பூர் இல்லங்களுக்குள் நுழைந்தவற்றுள் ஒன்று ‘டூகெதர்’ என்னும் தாய்லாந்துத் தொடர். ஜித்திரெயின் என்பாரின் நாவலைத் தழுவியது. 2020 பிப்ரவரி முதல் மே வரை பதின்மூன்று பகுதிகளாக ஒளிபரப்பானது. ஆங்கிலத் துணையுரையுடன் யூடியூபிலும் வெளிவந்தது. அதன் பிற்பகுதிகள் வெளிவந்தபோது நோய்த்தொற்றால் சிங்கப்பூர் வீடடங்கியிருந்தது.

கதை மிக எளியது. சட்டம் பயிலும் முதலாண்டு மாணவன் டைன். அவனைக் கிரீன் என்னும் இளைஞன் விடாது பின்தொடர்கிறான். அவனை விலக்க, நண்பர்கள் ஒரு வழி சொல்கின்றனர்: பெயர்பெற்ற அழகன் சாராவத்தைப் பொய்க்காதலனாக்கிக்கொள்! பொய் மெய்யாகும் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். ஆள்மாறாட்டத்தால் காதலை வாழவைக்கும் உத்தி தமிழருக்குப் புதிதன்று. 1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யில் நண்பன் செல்வத் தந்தையாக வேடம் பூண்டதை மறந்தவர் யார்?

ஆதலின் தொடரின் சுவை கதையில் இல்லை, நகைச்சுவையில் இருக்கிறது. நகைக்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களை வகுத்தார். இளமை அவற்றுள் ஒன்று, பேதைமை மற்றொன்று. பிறர் கொளுத்தக் கொண்டதை விடாதிருக்கும் மடன் மூன்றாவது. டைனிடம் இம்மூன்றும் நிறைந்துள்ளன. கிதார் வாசிக்கத் தெரியாதவன் சாராவத்தை நெருங்குவதற்காகவே இசை மன்றத்தில் சேர்கிறான். தோழர் சொன்ன திட்டத்தைச் சிறுவன் மிட்டாயைப் பற்றுவதுபோல் பற்றிக்கொள்கிறான். பார்ப்போர் நகைக்கின்றனர், அவன்மீது அன்பும் கொள்கின்றனர். ஆணை ஆண் விரும்புவது இங்கே நகைப்பொருளாகவில்லை. அவ்விருவரின் தயக்கமே நகைப்பொருள். நம் திரைப்படங்கள் நெடுங்காலம் எய்தாத பண்பு இது.

ஆயின் நான்காவது நிலைக்களன் எள்ளல். அது முழுவதும் கிரீனுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவன் குழைவு, குரல், ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும் பாங்கு ஆகிய அனைத்தும் நகைப்புக்கெனவே பெருக்கிக் காட்டப்படுகின்றன. வேண்டாமென்ற பின்னும் தொந்தரவு செய்பவனை நகைப்பதில் பிழையென்ன என்று தொடரை விரும்புவோர் கேட்கக்கூடும். நியாயமான வினாவே. ஆனால் டைன் செய்வதும் அதுதானே? மறுக்கும் சாராவத்தை அவனும் மன்றாடித் தொடர்கிறான். அவன் தொடர்ந்தால் குறும்பு. கிரீன் தொடர்ந்தால் தொல்லை. செயல் ஒன்றே, வேறுபடுவது நடையும் குரலும் மட்டுமே. ஆண்மைத் தோற்றம் உடையாரின் காதலை ஏற்று, அது குறைந்தார்மீது எள்ளலைச் சுமத்திவிடுகிறது தொடர்.

இதைச் சிறு குறையென்று ஒதுக்குவதற்கில்லை. பள்ளி வளாகங்களில் பட்டப்பெயர் சூட்டப்படுபவன் டைனைப் போன்றவன் அல்லன். நடையாலும் குரலாலும் கிரீனை ஒத்த சிறுவனே. (பட்டப்பெயர் சூட்டுவதில் மாணவர் காட்டும் சொல்வளம் கட்டுரை எழுதுகையில் எங்கே போகிறதோ!) சிங்கப்பூர் நாடாளுமன்றம் 377ஏ பிரிவை நீக்கும் சட்டத்தை 2022 நவம்பரில் நிறைவேற்றியது, தாய்லாந்தில் ஒருபால் திருமணச் சட்டம் 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் எட்டாத இடத்தில், வகுப்பின் பின்வரிசையில், அச்சிறுவன் அமர்ந்திருக்கிறான். தன்னைப் போன்றோர் காதலிக்கும் கதையென ஆவலோடு இத்தொடரைத் திறக்கிறான். முதற்பகுதியிலேயே தன் சாயலைக் காண்கிறான். உடன் பார்ப்போர் சிரிக்கின்றனர்.

கிரீனாக நடித்த குன் கோரவிட் திறன் வாய்ந்தவர். எள்ளலுக்கென எழுதப்பட்ட காட்சிகளிலும், டைன் முகந்திருப்பும் கணத்தில் அவர் விழிகள் சற்றே தாழ்கின்றன. இயக்கம் அங்கே ஒரு நொடி நின்றிருக்கலாம். நிற்கவில்லை, அடுத்த வேடிக்கைக்கு விரைந்துவிடுகிறது.