நீர் சூழ்ந்த வீதி: இயந்திரம் வரையும் எதிர்காலம் பற்றிய ஓர் ஆய்வு

இனி வரக்கூடிய உலகைக் கருதிப் பார்த்து, அதற்குரிய பொருளையும் காட்சியையும் இன்றே வடித்துக் காட்டும் முயற்சியை ஊக வடிவமைப்பு என்பர். அந்தோணி டன், ஃபியோனா ரேபி ஆகிய இருவரும் 2013-இல் வெளியிட்ட ‘ஸ்பெகுலேட்டிவ் எவ்ரிதிங்’ என்னும் நூல் இத்துறையினர் பெரிதும் போற்றுவது. வருவது உரைத்தல் இதன் தொழிலன்று. வரத்தக்கவற்றைக் கண்முன் நிறுத்தி, இவற்றுள் நாம் விரும்புவது யாது எனக் காண்போரை வினவச் செய்தலே இதன் பயன் என்பது அவர்தம் கொள்கை. சுற்றுச்சூழலின் வருங்காலத்தைக் காட்டும் பணியில் ஆக்கச் செயற்கை நுண்ணறிவு புகுந்தபின் அப்பயன் வளர்ந்ததா, தேய்ந்ததா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

கனடாவின் மாண்ட்ரீல் நகரிலுள்ள மீலா ஆய்வு நிறுவனத்தில் யோசுவா பெஞ்சியோவும் அவர்தம் குழுவினரும், ‘இக்காலநிலை உள்ளதன்று’ எனப் பொருள்படும் பெயரால் 2021-இல் இணையத்தில் ஓர் அமைப்பை வெளியிட்டனர். ஒருவர் தம் வீட்டு முகவரியை இட்டால், கூகுள் நிறுவனம் முன்பே எடுத்து வைத்த வீதிப் படத்தைப் பெற்று, அவ்வீதி வெள்ளத்தில் ஆழ்ந்த தோற்றத்தை அது தீட்டித் தந்தது. காட்டுத்தீயும் புகைமூட்டமும் காட்டப்பெற்றன; எனினும் ஆக்க நுண்ணறிவின் திறம் விளங்கியது வெள்ளப் படத்திலேயாம்.

அதன் செயல்முறை நுணுகி நோக்கத்தக்கது. ஒரு கூறு, நீர் எவ்விடம் பரவ வேண்டும் என எல்லை குறிக்கும். மற்றொரு கூறு அவ்வெல்லைக்குள் நீரைத் தீட்டும். ஒரே இடத்தை வெள்ளத்திற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் கிடைத்தல் அரிதாகலின், கணிப்பொறிக்குள் கற்பனை நகர் ஒன்று சமைத்து, அதனை நீரின்றியும் நீருடனும் படமாக்கி, உண்மை வெள்ளப் படங்களையும் உடன்சேர்த்து இயந்திரத்தைப் பயிற்றினர். குறித்த எல்லைக்குப் புறத்தே உள்ள யாதொன்றும் மாறுவதில்லை. வழிச்செல்வார் ஒருவர் படத்தில் இருப்பின், கால்கள் நீரில் மறைய, மேலுடல் பழைய நடையிலேயே நிற்கும். சன்னலில் விளக்கு எரிந்ததாயின் எரிந்தவாறே இருக்கும்.

முதல், கரு, உரி என்னும் தொல்காப்பியப் பாகுபாட்டைக் கொண்டு இதனை நோக்குவாம். உரிப்பொருள் அல்லாதன மயங்குதலை ஆசிரியர் உடன்பட்டமை அறிஞர் அறிவர். ஆகலின் வீதியில் நீர் வந்து கலத்தல் குற்றமன்று. ஆயின் அந்நீர் எந்த ஆற்றினது? எந்த ஆண்டினது? மேட்டு நிலத்து வீட்டிற்கும் ஆற்றங்கரை வீட்டிற்கும் வேறுபாடின்றி வெள்ளம் வந்தது. ஆண்டோ படத்தில் இல்லை. முதற்பொருள் இங்ஙனம் ஒழிந்தது. வெள்ளத்தின்முன் மாந்தர் யாது செய்வர் என்னும் உரிப்பொருளோ தொடங்கவே இல்லை. எஞ்சியது கருப்பொருள் ஒன்றே. அதுவும் மிகச் செவ்விதாகத் தீட்டப்பெற்றது!

பாட்டிற்கு வகுத்த இலக்கணத்தைப் படத்தின்மேல் ஏற்றுதல் பொருந்துமோ எனின், பொருந்தும். இப்படம் காண்போர் நெஞ்சை இயக்குதற்கென்றே செய்யப்பட்டது. நெஞ்சை இயக்குவது எதுவாயினும் இடமும் காலமும் ஒழுக்கமும் வேண்டி நிற்கும்.

படைத்தோர்பால் நேர்மையின்மை இல்லை. இது முன்னறிவிப்பன்று என்பதைப் பெயரிலேயே வைத்தனர். தொலைவில் உள்ளதாகத் தோன்றும் இடரை இல்வாயிலுக்குக் கொணர்தலே அவர்தம் நோக்கம். குறை வேறிடத்தது. வீதிப் படம் எடுக்கப்படாத குடியிருப்பிற்கு இவ்வமைப்பு எதிர்காலம் காட்ட இயலாது. பெருங்கணிப்பொறி நிறுவனத்தின் ஊர்தி புகாத ஒழுங்கைகளில், நீர்க்கரைக் குடிசைகளில் வாழ்வோர் வெள்ளத்தை நன்கறிந்தவர். அவர் அறிவு இப்படங்களுள் புகுதற்கு வாயில் இல்லை. அழகுக் குறையினும் இதனையே யாம் பெரிதெனக் கொள்கின்றோம்.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கது அலெக்சாண்ட்ரா டெய்சி கின்ஸ்பர்க் என்னும் கலைஞர் 2019-இல் படைத்த ‘தி சப்ஸ்டிடியூட்’. வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆண், சூடான் என்னும் பெயரது, 2018 மார்ச்சில் கென்யாவில் இறந்தது. அவ்வினத்தின் உருவைக் கலைஞர் மெய்யளவில் திரையில் உலவவிட்டார். உருவம் அசைவூட்டக் கலைஞர் வடித்தது. அது செல்லும் வழியே டீப்மைண்ட் ஆய்வினின்று பெற்றது. ஆகவே இது முற்றும் ஆக்க நுண்ணறிவின் படைப்பன்று. முதலில் கட்டங்கட்டமாய்த் தெரியும் விலங்கு மெல்ல மெய்யுருப் பெறுகின்றது. ஆயின் அது உலவுவது வெறும் வெண்ணிற அறை. புல் இல்லை, மண் இல்லை, தன் இனம் இல்லை. முதற்பொருள் இங்கும் இல்லை. ஆனால் இல்லாமையே காட்சியாகின்றது. உரு முழுமை எய்தியபின் விலங்கு மறைந்துபோகின்றது.

இவ்விரண்டனுள் பின்னதே சிறந்தது என்பது எம் துணிபு. மாண்ட்ரீல் அறிஞரும் தம் படத்தின் வெறுமையை மறையாது காட்ட எண்ணியிருப்பின், அருமுயற்சி ஏதும் வேண்டியிருந்திராது. நீரின் பெயரும் ஆண்டும் எழுதுதற்குரிய சிறு கட்டம் ஒன்றைப் படத்தின் மூலையில் நிரப்பாது விட்டிருந்தாலே போதும்.