அன்னிய சுரமும் கூட்டயல் சுரமும்: இசைக் கலைச்சொல்லாக்கத்தில் ஒரு சிக்கல்

நெய்யாற்றின்கரை, பாறசாலை, ஆரியங்கோடு ஆகிய எல்லைப்புற ஊர்கள் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் நிலப்பகுதியைச் சார்ந்தவை. 19ஆம் நூற்றாண்டில் இலண்டன் மிஷன் பணியாற்றிய நிலையங்களுள் பாறசாலையும் ஒன்று. அப்பணியின் வழிவந்த தமிழ்த் திருச்சபைகளில் மேலைநாட்டு மெட்டிலமைந்த பாமாலைகளும் இராகதாள அமைப்புடைய கீர்த்தனைகளும் ஒருங்கே பாடப்பெறுகின்றன. இருவேறு இசைமுறைகள் சந்திக்கும் இத்தகைய இடத்தில் கலைச்சொல்லின் பிழை ஏட்டளவில் நில்லாது பாட்டையும் தாக்கும்.

மேலை இசையில் ஒருசேர ஒலிக்கும் சுரத்தொகுதியைக் 'கூட்டு' எனலாம். சங்கராபரணத்தில் ச, க, ப ஒரு கூட்டு. அதன்மேல் மெட்டு ச, ரி, க என நடப்பின், இடைப்பட்ட ரி அக்கூட்டில் சேராதது. இதனைத் தமிழாக்குவோர்க்கு எளிதில் தோன்றும் சொல் 'அன்னிய சுரம்' என்பதாம். அது பழகிய சொல்லாயினும் ஈண்டுப் பொருந்தாது. கருநாடக இசையில் அன்னிய சுரமாவது தாய் மேளத்தில் இல்லாதது. அரிகாம்போதியின் வழிப்பட்ட காம்போதியில் வரும் காகலி நிடாதம் அதற்குச் சான்று. மேற்சுட்டிய ரியோ சங்கராபரணத்தின் சொந்தச் சுரம். முன்னதன் அயன்மை மேளத்தை நோக்கியது. பின்னதன் அயன்மை அந்நேரத்துக் கூட்டை மட்டுமே நோக்கியது. ப, நி, ரி எனக் கூட்டு மாறின் அதே ரி உறுப்பாகிவிடும். ஆதலின் 'கூட்டயல் சுரம்' என்பதே பொருத்தமாம்.

சிலப்பதிகார உரைகள் கூறும் 'பகை'யும் இதற்கு ஈடாகாது. பகை என்பது இரு சுரங்களுக்கிடையே உள்ள உறவு. கூட்டயல் சுரத்துக்கோ அது வந்த வழியும் சென்று சேரும் இடமும் இலக்கணமாகும். பாமாலையின் இறுதியில் 'ஆமென்' பாடுங்கால், ம, த, ச என்னும் கூட்டு ச, க, ப என மாறிய பின்னும் ஒரு குரல் ம-வில் தங்கிப் பின் க-வுக்கு இறங்கக்கூடும். இதனைச் சொல்லுக்குச் சொல்லாகத் 'தொங்கல்' என்பதினும் 'தங்கு சுரம்' என்பது தெளிவு தரும்.

மாறாக, ஒரே அமைப்பு படிப்படியாக இடம்பெயர்ந்து வருவதைக் குறிக்க 'வரிசை' என்னும் பழஞ்சொல்லே போதும். ச ரி க ம, ரி க ம ப எனச் செல்லும் பயிற்சியை அறியாத இசைமாணவர் இலர். பாகெல்பெல்லின் புகழ்பெற்ற கேனன் என்னும் இசைப்படைப்பில் கூட்டுகளின் அடிச்சுரங்கள் ச-ப, த-க, ம-ச என இணை இணையாக இறங்குகின்றன. ஆங்குச் சுரத்துக்கு மாறாகக் கூட்டே இடம்பெயர்கிறது, கருத்து ஒன்றே. எனவே சுர வரிசை, கூட்டு வரிசை என அடைமொழியால் வேறுபடுத்தினால் அமையும்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாய்வன்று. ரி அன்னியமெனக் கொண்ட ஒருவர் கீர்த்தனைக்குக் கூட்டமைக்கப் புகின், அயன்மையைப் போக்கச் சுரந்தோறும் கூட்டை மாற்றுவார். கமகம் அசைந்தாட இடமின்றிப் போகும். கூட்டயல் சுரமென உணர்ந்தவரோ ஒரு கூட்டை நிறுத்தி அதன்மேல் இராகத்தை நடக்கவிடுவார். பழஞ்சொல்லைப் புதுப்பொருளுக்கு ஏற்றுமுன், அச்சொல் எதனை நோக்கி அளக்கிறது என்பதை ஆராய்தல் மொழிபெயர்ப்பாளரின் முதற்கடன் ஆகும்.